எனக்கு முன்பே ஆக்லாந்து போன தோள்

ஆக்லாந்து விமான நிலையத்தில் என் தாடிகளை மேசைமேல் வரிசையாகப் பரப்பி வைத்தார்கள். நரைத்த தாடி ஒன்று, கறுப்புத் தாடி இரண்டு, மீசை நான்கு. பக்கத்தில் ஒரு மரவாள். அதற்கும் பக்கத்தில் என் மனைவி சரசு கொடுத்துவிட்ட பருப்புப் பொடியும் எள்ளுருண்டையும். விதை, மரம், மிருக முடி எதையும் இந்த நாட்டுக்குள் சும்மா விடமாட்டார்கள், எல்லாவற்றையும் படிவத்தில் எழுதிவிடுங்கள் என்று என்னை வரவழைத்த சேகர் சொல்லியிருந்தான். தாடிக்கு ஆங்கிலம் தெரியாததால் முடி என்று எழுதியிருந்தேன்.

அதிகாரி என் வயதுப் பெண்மணி. கையுறை போட்ட விரலால் நரைத்த தாடியைத் தூக்கிப் பிடித்து ஏதோ கேட்டார். தாடியை வாங்கி முகத்தில் வைத்து, கூன் போட்டு, இல்லாத தடியை ஊன்றி நாலடி நடந்து காட்டினேன். அவர் சிரித்துவிட்டுத் தூரத்தில் நின்ற இன்னொருவரைக் கூப்பிட்டார். அவருக்காக இரண்டாம் முறை நடந்தேன். வைக்கோல் அடைத்த தலைப்பாகையை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் திருப்பித் தந்தார்கள்.

பேச்சு வராத இடத்தில் நடித்துக் காட்டிவிடுவது என் பழக்கம். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பத்தொன்பது வயதில் திண்டுக்கல்லில் ஒரு நாடகக் குழுவில் சேர்ந்தேன். முதலில் நடிப்பு, பிறகு மற்றவர்களை நடிக்க வைப்பது, பிறகு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது என்று முப்பத்தைந்து வருடம் ஓடிவிட்டது. மேடையில் எவ்வளவு பெரிய கூட்டத்துக்கு முன்னாலும் கத்துவேன். கீழே இறங்கினால் கடையில் மீதிச் சில்லறை கேட்கவும் கூச்சம்.

சேகர் என்னிடம் பத்து வயதில் வந்து பத்தொன்பது வரை நடித்தவன். இப்போது அவனுக்கு நாற்பது. விரி என்ற தொழிற்பேட்டையில் ஒரு சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுக்கிறான். என் பழைய நாடகம் ஒன்றை அவர்களை வைத்துப் போட வேண்டும், கடைசி ஒரு வாரம் நீங்கள் வந்து மெருகேற்ற வேண்டும் என்று என்னை அழைத்திருந்தான். கூட்டத்துக்குள்ளிருந்து அவன் என்னை நோக்கி வந்தபோது, இடது தோள் சற்றுத் தூக்கியிருப்பதைப் பார்த்தேன். மூட்டை தூக்கி இப்படி ஆகிவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"என்னண்ணே, உள்ள இவ்ளோ நேரம்?"

"தாடிய வச்சு நடந்து காட்டச் சொன்னாங்க."

"அவங்க சொல்லியிருக்க மாட்டாங்க. நீங்களே நடந்திருப்பீங்க."

வீடு பிளாக்ஹவுஸ் பே பகுதியில். கடல் தெரியாது, ஆனால் காற்றில் அதன் வாடை உண்டு. இங்கே குளிர்காலம். வானம் ஒரு நாளில் ஏழெட்டு முறை தூறிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் வெளுத்துவிடுகிறது. யாரும் மழைக்கு ஒதுங்குவதில்லை, குடையும் எடுப்பதில்லை. எங்கள் ஊரில் மூன்று சொட்டு விழுந்தாலே பிள்ளைகள் தெருவுக்கு ஓடிவருவார்கள்.

சேகரின் மனைவி வத்சலா யாழ்ப்பாணத்துப் பெண். முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர் வேலை. இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் வைத்துவிட்டு, நான் நிமிரும் முன்பே இன்னும் நாலு இடியப்பத்தைத் தட்டில் போட்டார்.

"சாப்பிடுங்கோ மாஸ்டர். இவர் உங்களைப் பற்றிக் கதைச்சுக் கதைச்சே என்ர காது தேய்ஞ்சு போச்சு."

அவர்களுடைய மகள் தாரணிக்குப் பதினொரு வயது. எதிரில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவெட்டர் கைகளை நீளமாக இழுத்து, விரல்களை அதற்குள்ளே மூடி வைத்திருந்தாள்.

"கையை வெளியில எடு பிள்ளை. உடுப்பு இழுபடுது," என்றார் வத்சலா.

அவள் கையை எடுத்தாள். சற்று நேரத்தில் கை தானாகத் திரும்ப உள்ளே போய்விட்டது.

மறுநாள் திங்கட்கிழமை. பள்ளி விடுமுறை என்பதால் பகலிலேயே ஒத்திகை. சமூகக் கூடம் சின்னது, பலகைத் தரை, ஓரத்தில் ஒரு ஹீட்டர். பத்துப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். யாழ்ப்பாணம், தமிழ்நாடு, மலேசியா, ஃபிஜி என்று அவர்களுடைய வீடுகள் நாலு ஊர்த் தமிழ். அவர்களுக்குள்ளே பேசிக்கொள்வது ஆங்கிலம் மட்டும்.

நாடகத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஓர் ஊர் மழைக்குக் காத்திருக்கிறது. எல்லோரும் கும்பிடுகிறார்கள். உப்பளக்காரன் மகள் மட்டும் கும்பிட மறுக்கிறாள், மழை வந்தால் அவள் வீட்டு உப்பு கரைந்துவிடும். ஊர்த் தலைவர் அவளைக் கூட்டத்தின் நடுவே நிறுத்தி ஏன் என்று கேட்கிறார். கடைசியில் அவள் பேசுகிறாள்: "எங்க பாத்தியில மூணு மாசத்து உப்பு கிடக்கு. மழை பெஞ்சா எல்லாம் கரைஞ்சு போயிரும். பெய்யட்டும். எனக்கும் தாகமாத்தான் இருக்கு." அவ்வளவுதான். உப்பளக்காரன் மகள் தாரணி.

இரண்டு மாதம் முன்பே இதன் எல்லாப் பாத்திரங்களையும் நானே நடித்து, எங்கள் மொட்டை மாடியில் சரசு கைபேசியைப் பிடிக்க, படமெடுத்து அனுப்பியிருந்தேன். அதைப் பார்த்துப் பிள்ளைகள் மனப்பாடம் செய்திருந்தார்கள்.

ஒத்திகை தொடங்கியது. ஒரு வார்த்தை பிசகவில்லை. நான் மகிழ்ந்துபோய் உட்கார்ந்திருந்தேன். ஐந்து நிமிடம் கழித்துத்தான் கண்ணில் பட்டது. பத்துப் பிள்ளைகளுக்கும் ஒரு தோள் தூக்கியிருந்தது. சிலருக்கு இடது, கண்ணாடியில் பார்ப்பதுபோல் பார்த்துப் பழகிய சிலருக்கு வலது. வசனத்துக்கு முன்னால் எல்லோரும் ஒரு முறை செருமினார்கள். அது என் செருமல்.

என் இடது தோள் அப்படித்தான் இருக்கும். இருபத்திரண்டு வயதில் ஒரு திருவிழா மேடையில் பலகை விலகி விழுந்தேன். காறை எலும்பு முறிந்து கோணலாக ஒட்டிக்கொண்டது. அதிலிருந்து அந்தத் தோள் ஓர் அங்குலம் மேலே. எனக்கு அது மறந்தே போயிருந்தது.

கடைசிக் காட்சி வந்தது. தாரணி நடுவில் நின்று, "எல்லாம் கரைஞ்சு போயிரும்" என்று சொல்லி நிறுத்தினாள். சேகர் மடிக்கணினியில் எதையோ தட்டினான். கூடத்தில் நீளமாக ஓர் ஆலைச் சங்கு ஊதியது. தாரணி தலையை வலப்பக்கம் திருப்பிக் கீழே பார்த்தாள். இரண்டாவது சங்கு. மூன்றாவது சங்கு. பிறகு முகத்தைத் திருப்பி, "பெய்யட்டும்" என்றாள்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் நான் எழுதிய நாடகத்தில் சங்கு கிடையாது.

"நல்லாருக்குடா. இந்தச் சங்க எங்க பிடிச்ச?"

"என்னண்ணே, நீங்க வச்சதுதானே? உப்பளத்துச் சங்கு. வீடியோல சரியா கேக்கல, அதான் இங்க ஒரு நல்ல சத்தமா தேடி எடுத்தேன். பிள்ளைங்ககிட்டச் சொன்னேன், இந்த அமைதிதான் எங்கண்ணன் முத்திரைன்னு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் தாரணியின் ஐபேடில் அந்தப் படத்தைப் போடச் சொன்னேன். மொட்டை மாடியில் நான் நிற்கிறேன். கரைஞ்சு போயிரும் என்கிறேன். கீழே அடுப்பில் குக்கர் விசில் அடிக்கிறது. நான் மாடிப்படிப் பக்கம் திரும்பிப் பார்க்கிறேன். இரண்டாவது விசில். "மூணுல இறக்கணும்" என்று சரசுவின் குரல் மெதுவாகக் கேட்கிறது. மூன்றாவது விசில் அடித்து அடங்கியதும், பெய்யட்டும் என்கிறேன். அன்றைக்கு வீட்டில் பருப்பு. மறுபடி முதலிலிருந்து எடுக்கச் சோம்பல் பட்டு அப்படியே அனுப்பிவிட்டேன்.

சேகரிடம் சொன்னேன். சோபாவில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். சிரித்து முடித்ததும், "ஆனா சங்கு நல்லாத்தான்ணே இருக்கு. அப்படியே வச்சுக்குவோம்," என்றான்.

செவ்வாய்க்கிழமை பிள்ளைகளின் தோளை இறக்கிவிடலாம் என்று போனேன். எனக்குத் தெரிந்த ஒரே வழி காட்டுவதுதான். முன்னால் நின்று, "தோளை இப்படி வை" என்று காட்டினேன். என் தோள் இறங்காது. அவர்களும் விடாமல் பார்த்து, காட்டியதை அப்படியே செய்தார்கள். மத்தியானத்துக்குள் பத்துப் பேருக்கும் தோள் காதருகே வந்துவிட்டது. ஊர்த் தலைவராக வரும் ஆதி என்ற குண்டுப் பையன், "மாஸ்டர் அங்கிள், இவ்வளவு போதுமா, இன்னும் தூக்கணுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

மாலைச் சாப்பாட்டில் அதைச் சொன்னபோது வத்சலா சிரித்தார்.

"நீங்கள் பிள்ளையளைச் சொல்லுறியள். இவரைப் பாருங்கோ. கலியாணம் பேசேக்க, மாப்பிள்ளைக்குத் தோளில ஏதோ குறை எண்டு அம்மா பயந்தவ. வேலை இடத்திலயும் உன்ர தோளில என்ன பிழை எண்டு எக்ஸ்-ரே எடுப்பிச்சவை. ஒண்டும் இல்லை மாஸ்டர். எலும்பு நல்ல நேரா இருக்கு."

"சும்மா இரு," என்றான் சேகர்.

"ஏன், உண்மைதானே. அது உங்கட தோள் மாஸ்டர். இவர் வாங்கிக்கொண்டு வந்திட்டார்."

அவர் கேலியாகத்தான் சொன்னார். தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தேன். சேகர் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், இடது தோள் ஓர் அங்குலம் மேலே. அவனுக்குப் பக்கத்தில் தாரணி. அவளுக்கும் அங்கேதான் இருந்தது. அவள் அப்போது நடித்துக்கொண்டிருக்கவில்லை.

புதன்கிழமை ஒத்திகை இல்லை. வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள், தாரணி தோழி வீட்டில். மனசு சரியில்லாததால் கடைத்தெரு வரை பஸ்ஸில் போய்வரலாம் என்று கிளம்பினேன். எதிர்ப்பக்கம் நின்று ஏற வேண்டிய பஸ்ஸை இந்தப் பக்கம் நின்று ஏறிவிட்டேன். எப்போது இறங்குவது என்று ஓட்டுநரிடம் கேட்கக் கூச்சப்பட்டு உட்கார்ந்தே இருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து வெளியே பார்த்தால் வீடே இல்லை. தகரக் கொட்டகைகள், லாரிகள், டயர் கடைகள். இடத்தின் பெயர் பென்ரோஸ் என்று பிறகு தெரிந்தது. பஸ்ஸில் நான் மட்டும் இருந்தேன்.

ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பினார். ஆங்கிலத்தில் கேட்டார், இந்தியில் கேட்டார். நான் எழுந்து நடிக்க ஆரம்பித்தேன். கையை அலைபோல் ஆட்டிக் கடலைக் காட்டினேன். கூரை காட்டினேன். இடியப்பம் பிழிவதைக்கூடக் காட்டினேன். அவர் முகம் கலவரப்பட்டது. எனக்கு வலிப்பு வருகிறது என்று நினைத்து தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். களைத்துப்போய், "பிளாக்ஹவுஸ் பே," என்றேன்.

"இதை முதலிலேயே சொல்லலாமே," என்றார் அவர் ஆங்கிலத்தில். அது எனக்குப் புரிந்தது.

என் நெற்றி விபூதியைப் பார்த்து, "தமிழா?" என்றார். அவர் ஃபிஜிக்காரர். அங்கே கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களின் வம்சம். அவருக்குத் தெரிந்த தமிழ் நாலைந்து வார்த்தைதான். அதை ஒவ்வொன்றாகச் சொல்லிக்காட்டினார். "வா. போ. சோறு. சும்மா இரு." கடைசியை இரண்டு தரம் சொல்லிச் சிரித்தார். அவர் வீட்டில் அதிகம் கேட்டது அதுவாயிருக்கும். சேகரின் எண் எழுதிய சீட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன், அதைப் பார்த்து அவரே அவனுக்குப் போன் போட்டார். அவனுக்கு இன்னும் அரை மணியில் ஷிஃப்ட் முடியும், நேரே வந்துவிடுவான் என்று ஜாடை காட்டினார். இப்போது அவரும் நடிக்க ஆரம்பித்திருந்தார்.

லாரி ஓட்டுநர்கள் சாப்பிடும் ஒரு சின்னக் கடையில் என்னை உட்கார வைத்துவிட்டுப் போனார். உருளைக்கிழங்கு வைத்துச் சுட்ட, 'பை' என்கிற மாவுப் பண்டம் ஒன்று வாங்கினேன். நம்முடைய பப்ஸுக்கு அண்ணன் மாதிரி இருந்தது. வெளியே பதமாகத் தெரிந்தது, உள்ளே கொதித்தது. நாக்கைச் சுட்டுக்கொண்டு காத்திருந்தேன்.

சேகர் மஞ்சள் சட்டையோடு வந்தான். காரில் ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடி மறைக்கும் மழை. கொஞ்சம் விடட்டும் என்று வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தோம். கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது.

"சினிமால நடிக்கச் சென்னைக்குப் போனியே சேகர், ஏன் ஆறு மாசத்துல திரும்பிட்ட? நான் அப்பக் கேக்கவே இல்ல."

அவன் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"மூணு எடத்துல சேத்தாங்கண்ணே. மூணு எடத்துலயும் ஒரே கேள்விதான். நீ யாரை மாதிரி நடிக்கிறன்னு. எங்க வாத்தியாரு மாதிரின்னேன், பெருமையா. ஒரு டைரக்டர் சொன்னாரு, ஒங்க வாத்தியாரை வரச் சொல்லு, அவர வச்சு எடுத்துக்கறேன்னு. எல்லாரும் சிரிச்சாங்க."

"எங்கிட்டச் சொல்லலயே."

"என்னத்தச் சொல்றது? மாத்தி நடிச்சுப் பாத்தேன். நீங்க இல்லாம எனக்கு ஒண்ணுமே வரல."

குறையாக அவன் இதைச் சொல்லவில்லை. பழைய ஊர் சமாசாரம் சொல்வதுபோல் சொன்னான். மழை விட்டது, வண்டியை எடுத்தான். வழியெல்லாம் நான் எத்தனை பள்ளிக்கூடங்களுக்குப் போயிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். எத்தனையோ பிள்ளைகளுக்குப் பரிசு வாங்கிக்கொடுத்திருக்கிறேன். எந்தப் பிள்ளையாவது தன் மாதிரி அழுததா, தன் மாதிரி கோபப்பட்டதா என்று யோசித்தேன். நான் பேசக் கூசியதால்தான் எல்லாவற்றையும் நடித்துக் காட்டினேன். அதற்கு விலையாகச் சேகர் கொடுத்தது ஒரு தோள். அடுத்தது தாரணி. நாடகம் நடக்கும் சனிக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது.

வியாழக்கிழமை கூடத்துக்கு நடுவில் ஒரு நாற்காலி போட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். பிள்ளைகளைச் சுற்றி உட்காரச் சொன்னேன். முதுகில் வேர்த்தது. தாரணியை ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்லச் சொன்னேன்.

முதலில் குக்கரைப் பற்றிச் சொன்னேன். தாரணி சொல்லி முடிக்கும் முன்பே சிரிப்பு கூரைக்குப் போனது. ஆதி தரையில் உருண்டான். அப்புறம் சட்டைக் காலரை விலக்கி, முறிந்து ஒட்டிய எலும்பைக் காட்டினேன். ஒவ்வொருவராக வந்து அந்தப் புடைப்பைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒரு சின்னப் பெண் வலிக்கிறதா என்று கேட்டாள்.

"குளிருக்கு வலிக்கும். இது என் எலும்பு, ஒடஞ்சது. ஒங்க யாருக்கும் ஒடையல. ஒங்களுக்கு இது வேணாம்," என்றேன்.

தாரணி இதை மற்றவர்களுக்குச் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, பிறகு சொன்னாள்.

தண்ணீருக்குக் காத்திருப்பதைப் பற்றிச் சொன்னேன். எங்கள் தெருவில் தண்ணீர் வரும் நாளைவிட வராத நாள் அதிகம். "குழாயைத் திறந்தால் என்ன வரும்?" என்றான் ஆதி. காற்று வரும் என்றேன். அவர்களால் நம்ப முடியவில்லை. லாரி வரும் நாளில் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு, சத்தம் கேட்கிறதா என்று தெருமுனையைப் பார்த்தபடி நிற்போம் என்றேன். சரி, நீங்கள் எதற்குக் காத்திருப்பீர்கள், சொல்லுங்கள் என்றேன். ஒருத்தி தன் பாட்டிக்கு விசா வர, என்றாள். ஒரு பையன் வைஃபை, என்றான். தாரணி தான் ஒன்றும் சொல்லாமல் மற்றவர்கள் சொன்னதை எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் ஓர் இடத்தில் உட்கார்ந்து பேசியது அன்றுதான். எழுந்தபோது இரண்டு கையும் மரத்துப்போயிருந்தது.

வெள்ளிக்கிழமை நாடகம் சிதறிப்போனது. வசனம் மறந்தது, வரிசை குழம்பியது. ஆனால் ஆதி ஊர்த் தலைவராக வந்து, ஒரு கையால் இல்லாத போனைக் காதில் பிடித்து, மறு கையால் தொப்பையைத் தடவி, "வீட்டு மோர்ட்கேஜ் கட்டிறதே பெரும்பாடு, இதுக்குள்ள மழையும் இல்லை" என்று தன் அப்பாவைப்போலவே பேசினான். வாசலில் நின்ற அவனுடைய அம்மா முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். எட்டுப் பேரின் தோள் இறங்கியிருந்தது. ஒன்பதாவது பையன் நினைவு வரும்போது தூக்கிக்கொண்டான். தாரணி மட்டும் மாறவில்லை. அதே தோள், அதே செருமல், அதே திருப்பம். சேகர் சங்கை ஊதினான்.

"தாரணி, அந்தப் பக்கம் என்னம்மா இருக்கு? எதைப் பாக்குற?"

"குக்கர்," என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

"நீ பாக்குறதுக்கு ஒண்ணும் இல்லன்னா திரும்ப வேணாம்."

"அப்ப எப்பிடிச் செய்யிறது? நீங்க காட்டுங்க."

"நான் காட்ட மாட்டேன்."

அவள் கண் நிரம்பிவிட்டது. ஆங்கிலத்தில் வேகமாகச் சொன்னாள், சேகர்தான் எனக்குத் தமிழில் சொன்னான். உங்களை மாதிரி செய்ய எனக்குத் தெரியும், வேறு மாதிரி தெரியாது, நாளைக்கு எல்லோரும் வருவார்கள், இப்போது போய் மாற்றச் சொல்கிறீர்கள். சொல்லிவிட்டு வெளியே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டாள்.

சேகர் மடிக்கணினியை மூடினான். என்னிடம் அவன் குரல் உயர்ந்தது அதுவே முதல் தடவை.

"அவளை விட்ருங்கண்ணே. ரெண்டு மாசமா ராவா பகலா பாத்துக் கத்துக்கிட்டா. அவளாவது ஒங்கள மாதிரி வரட்டும்."

"அதுதான்டா வேணாங்கறேன். நீ வந்த எடத்துக்கே அவளும் வரணுமா?"

கூடத்தைப் பூட்டினோம். காரில் தாரணி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சனிக்கிழமை மாலை நாலு மணிக்குக் கூடம் நிறைந்தது. முன்வரிசையில் தாரணி படிக்கும் பள்ளியின் தலைமையாசிரியரான, மாவோரிப் பூர்வகுடியைச் சேர்ந்த பெண்மணி மடியில் கையை வைத்து உட்கார்ந்திருந்தார். பின்னால் தட்டுகளில் வடையும் கேக்கும் துணி மூடிக் காத்திருந்தன. தாரணிக்குப் பாவாடை சட்டை உடுத்திப் பின்னல் போட்டிருந்தார் வத்சலா. சட்டைக்குக் குட்டைக் கை. குளிரில் அவள் கைகளில் மயிர் குத்திட்டு நின்றது. காலையிலிருந்து அவள் என்னிடம் பேசவில்லை.

மேடைக்குப் போகும் முன் தன் அப்பாவிடம் போனாள். "அப்பா, சங்கு வேண்டாம்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அவன் என்னைப் பார்த்தான். நான் சொல்லிக்கொடுத்ததாக நினைத்திருப்பான். நான் சொல்லவில்லை.

நாடகம் நடந்தது. ஆதியின் தொப்பைக்குக் கூடம் அதிர்ந்தது. இரண்டு இடத்தில் வசனம் தொங்கியது, அவர்களே பிடித்துக்கொண்டார்கள். கடைசிக் காட்சி வந்தது. நான் ஓரத்தில் திரைக்குப் பின்னால் நின்றேன். எதிர் ஓரத்தில் சேகர், மடிக்கணினி மேல் விரல்.

"எங்க பாத்தியில மூணு மாசத்து உப்பு கிடக்கு. மழை பெஞ்சா எல்லாம் கரைஞ்சு போயிரும்."

நிறுத்தினாள். சேகரின் விரல் அசையவில்லை. அவள் தலை வலப்பக்கம் போகத் தொடங்கி, பாதியில் நின்றது. திரும்ப நேரே வந்தது. கை இரண்டும் எதையோ தேடின. இடது கை வலக்கைச் சட்டையின் விளிம்பைப் பிடித்து இழுத்தது. அது முழங்கை வரைகூட வராது. மறுபடி இழுத்தாள். சுவெட்டருக்குள் விரலை ஒளித்துக்கொள்ளும் அந்தப் பழக்கம்தான். ஆனால் ஒளித்துக்கொள்ள அங்கே துணி இல்லை. வெறும் கைகளைக் கூட்டத்தின் முன்னால் பார்த்தாள். பிறகு விரல்களை மடக்கி, இரண்டு கைகளையும் சட்டையோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். தோள் இரண்டும் சமமாக இருந்தன.

"பெய்யட்டும்," என்றாள். "எனக்கும் தாகமாத்தான் இருக்கு."

கைதட்டல் வரக் கொஞ்ச நேரம் ஆனது. வத்சலா இரண்டாம் வரிசையில் கையால் வாயைப் பொத்தியிருந்தார்.

பிள்ளைகள் வடையைச் சுற்றி மொய்த்தபோது தாரணி சுவெட்டரை மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள். கை உள்ளேதான் இருந்தது.

"திரும்ப நினைச்சன். திரும்பினா உங்கட வீட்டுக் குக்கர் நினைவுக்கு வந்திருக்கும்," என்றாள்.

"என்ன பாத்த?"

தோளைக் குலுக்கிவிட்டு வடைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை விமான நிலையத்துக்குச் சேகர் வண்டியை ஓட்டினான். விரி கிடங்குகளைத் தாண்டும்போது, "அந்த எடத்துல அவ திரும்பவே இல்லயேண்ணே," என்றான்.

"இல்ல."

"நான் ரெண்டு மூணு தரம் திட்டியிருக்கேன், சட்டைய இழுக்காதன்னு." சற்றுத் தூரம் போய், "நல்லாருந்துச்சுண்ணே," என்றான்.

உள்ளே போகும் இடத்தில் தாடிப் பெட்டியை என் கையில் கொடுத்தான். சாதாரணமாக நான் அவன் முதுகைத் தட்டிவிட்டு நடந்திருப்பேன். அன்றைக்கு வாயைத் திறந்து சொன்னேன்.

"சேகர், நான் ஒனக்குத் தப்பா சொல்லிக்குடுத்துட்டேன்."

அவன் கீழே பார்த்தான். "விடுங்கண்ணே. ஃபோர்க்லிஃப்ட்டுக்கு எந்தத் தோளா இருந்தாலும் ஓடும்." அப்புறம், "அடுத்த நாடகத்துக்கு வீடியோ அனுப்பாதீங்க. போன்ல கதையச் சொல்லுங்க, போதும்," என்றான்.

திண்டுக்கல் வந்து சேர்ந்த மறுநாள். தண்ணீர் வந்து ஏழு நாள் ஆகியிருந்தது. சரசு அடுப்பில் பருப்பை ஏற்றிவிட்டுக் கேட்டாள்.

"அந்தப் பிள்ள கடைசியில எப்படிச் செஞ்சா? நடிச்சுக் காட்டுங்க."

எழுந்து நின்றேன். சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். விரல்களை மடக்கி உடம்போடு சேர்த்தேன். சரியில்லை என்று எனக்கே தெரிந்தது. இன்னொரு முறை செய்தேன். தோள் இடித்தது. குக்கர் விசில் அடித்தது, நான் திரும்பிப் பார்த்தேன். மூன்றாம் முறையும் செய்தேன்.

சரசு தலையாட்டினாள். "ஒங்களுக்கு வரல, விடுங்க," என்று அடுப்பை அணைக்கப் போனாள்.

எனக்கு வரவில்லைதான். அதன்பிறகு உட்கார்ந்து, அந்தப் பிள்ளை என்ன செய்தாள் என்று சரசுவுக்கு வாயால் சொன்னேன்.